மலையாட்டுக்காரர்களிடம் கற்ற பாடம்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் கிளம்பிய கதிரியக்கத் துகள்கள் சில நாட்களில் ஐரோப்பாவைக் கடந்து, இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்ப்ரியா மலைகளில் கனமழையோடு இறங்கின. புல்லில் படிந்த கதிரியக்கச் சீசியம் ஆடுகளின் உடலுக்குள் போனது. ஜூன் மாதம் அந்த ஆடுகளை வெளியே கொண்டுபோகவும் வெட்டவும் அரசு தடை விதித்தது. மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள் நிபுணர்கள். பிரிட்டனில் இந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது 2012இல்தான்.

அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வதைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிப்பவர்கள் இந்த நிகழ்வைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆடுகளை வளர்த்த விவசாயிகளிடம் பேசி ஆராய்ந்தவர் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. நிபுணர்கள் அதை வைத்தே கணக்குப் போட்டார்கள். மலையில் இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட கரிமண். அங்கே சீசியம் மீண்டும் மீண்டும் புல்லுக்கு ஏறியது.

அதோடு முடியவில்லை. சீசியத்தைக் கட்டுப்படுத்த ஒருவகைக் களிமண்ணைத் தூவி, ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்தால் இளைத்துப்போகும், சோதனையே பிசகும் என்று விவசாயிகள் எச்சரித்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் சோதனை கைவிடப்பட்டது.

செர்னோபில் விபத்துக்கு முந்தைய ஆண்டுதான், 1985இல், வால்டர் போட்மர் தலைமையிலான குழு லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஓர் அறிக்கை அளித்திருந்தது. மக்களோடு பேசுவது விஞ்ஞானிகளின் கடமை என்று அது அழுத்தமாகச் சொன்னது. அந்த உத்வேகத்தில் வளர்ந்ததுதான் அறிவியலை மக்களிடம் கொண்டு செல்லும் இந்தத் துறை. லண்டன் இம்பீரியல் கல்லூரி 1991இல் இதற்கென முதுகலைப் படிப்பைத் தொடங்கியது.

மக்களுக்கு விவரம் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தால் நம்புவார்கள் என்பதே தொடக்ககால எண்ணம். 1990களில் பிரிட்டனை உலுக்கிய பைத்தியப் பசு நோய் அதையும் அசைத்தது. மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று சொல்லிவந்த அரசு, அந்நோய்க்கும் மனிதரின் மூளையைத் தாக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அறிவித்தது. மக்களோடு உரையாட வேண்டும் என்று 2000இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக் குழுவே வலியுறுத்தியது.

ஆகவே இந்தத் துறையின் வகுப்பறையில் எழுத்து, வானொலி, ஆவணப்படம், அருங்காட்சியகக் கண்காட்சி ஆகியவற்றோடு அறிவியலின் வரலாறும் சமூகவியலும் சேர்ந்தே வருகின்றன. நன்றாக எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. யார் சொன்னால் மக்கள் நம்புகிறார்கள், எதனால் நம்ப மறுக்கிறார்கள் என்பதும் பாடம்.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பயிற்சி லாரி ஏறியும் போனது. கான்பெராவின் க்வெஸ்டாகான் அறிவியல் மையம் 1985இல் தொடங்கிய 'சயன்ஸ் சர்க்கஸ்', கையால் தொட்டு இயக்கும் கருவிகளோடு தொலைதூர ஊர்களுக்குப் பயணித்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் சேர்ந்து பள்ளிகளில் நிகழ்ச்சி நடத்தியே பயிற்சி பெற்றார்கள். எதிரே இருக்கும் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் அது முகத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த ஊருக்குப் போவதற்குள் விளக்கத்தை மாற்றியாக வேண்டும்.

பெரும்பாலும் இயற்பியல், உயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களே இந்தப் படிப்பில் சேர்கிறார்கள். பத்திரிகை, ஒலிபரப்பு, அருங்காட்சியகம், ஆய்வு நிறுவனம், அரசுத் துறை என்று வேலை பல திசைகளில் இருக்கிறது. தடுப்பூசி, வெள்ள எச்சரிக்கை, குடிநீர்த் தரம் என மக்களின் உயிரோடு தொடர்புள்ள எதையும் அறிவிக்கும் துறைகளுக்கு, கேட்கவும் பழகிய இப்படிப்பட்டவர்கள் கட்டாயம் தேவை.