'கேன்சல் பண்ணிடுங்க சார், நான் கூட்டிட்டுப் போறேன்'

வேளச்சேரியில் நின்றுகொண்டு செயலியில் ஆட்டோ போடுகிறீர்கள். கட்டணம் வந்துவிட்டது, வண்டி எண்ணும் வந்துவிட்டது. அடுத்த நொடி போன். "எங்க சார் டிராப்?" சொல்கிறீர்கள். "கேஷா, ஆன்லைனா?" அதையும் சொல்கிறீர்கள். "கட்டாதுங்க சார். நீங்க கேன்சல் பண்ணிடுங்க. அந்த ரேட்டுக்கு மேல முப்பது போட்டுக் குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

சென்னையில் இந்தப் பேச்சு நடக்காத நாளில்லை. மழை பெய்தால் முப்பது எழுபதாகும், அவ்வளவுதான். கூடுதல் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கேன்சல் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் அந்தப் பயணத்துக்கு ஏட்டில் இடமில்லை. யார் ஓட்டினார், எந்த வழியாகப் போனார், எவ்வளவு வாங்கினார் என்பதற்குப் பதிவு கிடையாது. பையை மறந்துவிட்டு இறங்கினாலோ, ஓட்டுநர் தகராறு செய்தாலோ நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். 'ரத்தான பயணம்' என்று ஒரே வரியில் கையை விரித்துவிடுவார்கள். விபத்து நேர்ந்தால் வண்டியின் காப்பீட்டில் இழப்பீடு கேட்கலாம்தான். ஆனால் செயலி வழியாகப் போகிறவருக்கென்று உள்ள காப்பீடு அந்தப் பயணத்துக்கு வராது. போதாக்குறைக்கு, ரத்து செய்தவர் நீங்கள் என்பதால் ரத்துக் கட்டணமும் உங்கள் தலையில் விழலாம்.

இந்தச் செயலி நிறுவனங்கள் சட்டப் புத்தகத்துக்குள் வந்ததே 2019-இல், மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான். பயணியையும் ஓட்டுநரையும் இணைத்துவிடும் டிஜிட்டல் இடைத்தரகர் அல்லது சந்தை என்று சட்டம் அவற்றை வரையறுத்தது. 93-ஆவது பிரிவின்படி அவை உரிமம் பெற வேண்டும். இல்லாமல் நடத்தினால் 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம். அந்த வரையறையை மறக்க வேண்டாம். ஏனென்றால் இப்போது பல செயலிகள் ஆட்டோக்காரரிடம் கமிஷன் பிடிப்பதை விட்டுவிட்டு, சந்தா வாங்கத் தொடங்கிவிட்டன. ஊபர் 2025 பிப்ரவரியில் இப்படி மாறியது. பணம் நேராக ஓட்டுநர் கைக்குப் போகிறது. திரையில் தெரியும் கட்டணம் வெறும் பரிந்துரை. 'நாங்கள் மென்பொருள் கொடுப்பவர்கள், கூலி விவகாரம் உங்களுக்குள்' என்ற வாதத்துக்கு இது வசதியான ஏற்பாடு. சட்டமோ இணைத்துவிட்டதையே பொறுப்புக்குப் போதுமானதாக வைத்திருக்கிறது.

மத்திய அரசு 2020 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது; 2025 ஜூலையில் அவற்றைப் புதுப்பித்தது. அடிப்படைக் கட்டணத்தை மாநிலம் நிர்ணயிக்கும். கூட்ட நேரத்தில் அதன் இரு மடங்கு வரை வாங்கலாம். 2020-இல் இது ஒன்றரை மடங்காக இருந்தது. தக்க காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், 100 ரூபாய்க்கு மேற்படாமல் பிடிக்கலாம். இது பயணிக்கு மட்டுமல்ல, ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்கும் ஓட்டுநருக்கும் உண்டு. பயணிக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீடு, குறைதீர்க்கும் அதிகாரி, சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வழிகாட்டுதல். மாநில அரசு தன் விதியாகவும் உரிம நிபந்தனையாகவும் ஆக்கினால்தான் இதற்குப் பல் முளைக்கும்.

மாநிலம் என்ன செய்தது என்பதற்கு ஆட்டோ மீட்டரே சாட்சி. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. பத்தாண்டு தாண்டியும் அது மாறவில்லை. எட்டு கிலோமீட்டர் சவாரிக்குக் கணக்குப் போட்டால் நூறு ரூபாய்கூட வராது. திரும்பும்போது காலியாக வர வேண்டும், எஃப்சி, இன்சூரன்ஸ், வண்டிக் கடன் தவணை எல்லாம் அதிலேயே அடங்க வேண்டும். பொறுத்துப் பார்த்த சங்கங்கள் 2025 பிப்ரவரி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாங்களே அறிவித்தன. அப்படி வாங்கினால் நடவடிக்கை என்றது போக்குவரத்துத் துறை. கட்டணத்தை உயர்த்தாமல், மீட்டரையும் கண்டுகொள்ளாமல், சங்கம் கேட்டால் மட்டும் எச்சரிப்பது எந்த வகை நிர்வாகம் என்று எனக்குப் புரியவில்லை. பயணியும் ஓட்டுநரும் தெருவில் நின்று முறைத்துக்கொள்வதன் வேர் இங்கே இருக்கிறது.

சவாரிக்கு வர மறுப்பதும் குற்றம்தான், 178-ஆவது பிரிவு. 2019 திருத்தம் டாக்சிக்கு அபராதத்தை 500 ரூபாய் வரை உயர்த்தியது. மூன்று சக்கர வண்டிக்கு எவ்வளவு தெரியுமா? சட்டத்தில் இன்னும் ஐம்பது ரூபாய் வரைதான்.

வண்டி வந்ததும் பலகையைப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சளில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டியானால் பச்சையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. வாடகைக்கு ஓட்டும்போது விபத்தானால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாகக் காப்பீட்டு நிறுவனம் வழக்காடும். பணம் கைக்கு வர வருடக்கணக்காகும். பைக் டாக்சிகளில் பெரும்பாலானவை வெள்ளைப் பலகைதான் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடும் தகுதிச் சான்றும் காலாவதியாகிவிட்டனவா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். செயலியில் வந்த எண் ஒன்று, வந்து நிற்கும் வண்டி வேறொன்று என்றால் ஏறவே வேண்டாம். நடுவழியில் பயம் தட்டினால் 112.

பணத் தகராறு என்றால் முதலில் திரையைப் படம் பிடித்து வையுங்கள்: முன்பதிவில் காட்டிய தொகை, முடிவில் கேட்ட தொகை, ஜிபேயில் அனுப்பிய ரசீது. செயலியிலேயே புகார் எழுதி அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். மறுப்பு, அடாவடி, கூடுதல் வசூல் போன்ற ஓட்டுநர் மீதான புகார்களுக்கு வண்டி எண், இடம், நேரம் குறிப்பிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதலாம். முதல்வரின் முகவரி எண் 1100-இலும் சொல்லலாம்.

நிறுவனம் அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், இணையம் வழியாகவே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பணத்தைத் திருப்பித் தராமல் அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வங்கிக் கணக்கா கூப்பனா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்க வழி செய்யும்படி ஓலாவுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் பில் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. அந்த பில்லைக் கேட்டு வாங்கிப் புகாரோடு இணையுங்கள்.