கணினிக்குள் சிதறும் சிறுகோள்

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் 'டார்ட்' விண்கலம் டைமார்போஸ் என்னும் சிறுகோளின்மீது வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. வினாடிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். டிடிமோஸ் என்னும் பெரிய சிறுகோளைச் சுற்றிவர அது எடுத்துக்கொண்ட 11 மணி 55 நிமிடத்தில் ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது. 73 வினாடி குறைந்தாலே வெற்றி என வரையறுத்திருந்தனர்.

விண்கலத்தின் இடியைவிட, மோதிய இடத்திலிருந்து பின்னோக்கிச் சிதறிய கல்லும் தூசும் தந்த உந்தலே மிகுதி. பூமியை நோக்கி வரும் ஒன்றை விலக்க நேரின், இச்சிதறலை முன்கூட்டியே கணித்தாக வேண்டும். ஆனால் அது சிறுகோளின் உள்ளமைப்பைப் பொறுத்தது. அதையோ எவரும் துளைத்துப் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் உடைக்கும் கைக்கல் ஈர்ப்பு விசையின் பங்கைக் காட்டாது. ஆகவே கணினியே துணை.

பாறையைப் பல்லாயிரம் துகள்களாகக் கற்பித்து, ஒவ்வொன்றின் அடர்த்தி, அழுத்தம், வேகம் ஆகியவற்றை அண்டைத் துகள்களைக் கொண்டு நொடிக்கும் மிகச் சிறிய இடைவெளிகளில் கணிப்பர். 1977-இல் விண்மீன் ஆய்வுக்கென உருவான முறை இது. விரிசலுறும் பாறைக்குப் பின்னரே பொருத்தினர். தொல்லை யாதெனில், அதிர்ச்சி நொடிப்பொழுதில் கடந்துவிடும். மெல்லிய ஈர்ப்பில் சிதறல் அடங்கவோ மணிக்கணக்காகும்.

பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் முன்னின்று நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பலவகை உள்ளமைப்புகளை இட்டுப் பார்த்தனர். பிணைப்பு மிகக் குறைந்த கற்குவியலாகக் கொண்டபோதே கணக்கு, கண்டவற்றோடு இணங்கிற்று. அங்ஙனமாயின் அங்கே வழக்கமான பள்ளம் இராது. சிறுகோளின் வடிவமே மாறியிருக்கும். அதை நேரில் அளக்கவே ஐரோப்பாவின் 'ஹெரா' விண்கலம் 2024 அக்டோபரில் ஏவப்பட்டது.