சாணவாயு அடுப்பின் சுடர் அடிக்கடி அணைவதேன்?

மாட்டுச் சாணத்திலிருந்து பெறும் எரிவாயுவைச் சமையலுக்குப் பயன்படுத்தும் கமக்காரரின் வீடுகளில், அடுப்பின் சுடர் அடிக்கடி அணைந்துபோவதுண்டு. இதனைக் கண்டு தொட்டியே பழுதெனக் கருதிக் கைவிடுதல் தவறாகும். பெரும்பாலும் குறை சிறியது, வீட்டிலேயே நீக்கத்தக்கது.

முதலிற் செய்ய வேண்டியது

சுடர் அணைந்தவுடன் வால்வை மூடுதல் வேண்டும். பின்னர் கதவையும் யன்னல்களையும் திறந்துவிட்டு, வாயு முற்றாக வெளியேறிய பின்னரே மீண்டும் பற்றவைக்கலாம். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை மெதேன் கலந்திருப்பின், ஒரு சிறு பொறியும் அதனை வெடிக்கச் செய்யும்.

அடுப்பு

சாணவாயுவில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு மெதேன். எஞ்சியதிற் பெரும்பகுதி எரியாத காபனீரொட்சைட்டு. ஆதலால் இதன் சுடர் மெதுவாகவே பரவும். காற்றுச் சிறிது மிகினும் நிலைகொள்ளாது. சுடர் அடுப்பைவிட்டு மேலெழுந்து அணையுமாயின், காற்றுத் துவாரத்தைச் சற்று ஒடுக்குக. மஞ்சள் நிறமாய் நீண்டெரியின், சற்று அகலத் திறக்குக. நீலச் சுடரே நற்சுடர். கஞ்சி வழிந்து அடைத்த துளைகளைக் கம்பியாற் குத்திச் சுத்தஞ் செய்க.

குழாய்

சுடர் துடித்துத் துடித்து எரிந்து அணையுமாயின், குழாயில் நீர் தங்கியுள்ளதென அறிக. தொட்டியிலிருந்து ஈரத்துடன் வரும் வாயு குளிர்ந்து நீராகி, குழாயின் தாழ்ந்த இடத்தை அடைத்துவிடும். தொட்டியின் வால்வை மூடி அந்நீரை வடித்துவிடுக. 100 அடிக்கு 1 அடியேனும் சாய்வாகக் குழாயை அமைத்து, தாழ்ந்த முனையில் நீர் வடிக்கும் வழி வைத்தல் நன்று.

சுடர் நாளுக்குநாள் சிறுத்துவரின், பொருத்துகளிற் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்க்குக. குமிழி எழுமிடத்திற் கசிவுண்டு. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுதல் உயிருக்கே ஆபத்து.

தொட்டி

கசிவில்லையெனின், தொட்டியில் வாயு உண்டாதல் குறைந்திருக்கலாம். ஒரு வாளி சாணத்துக்கு ஒரு வாளி நீராகக் கரைத்து, வைக்கோல், மணல் என்பவற்றை நீக்கி, நாள்தோறும் ஒரே அளவில் இடுக. சவர்க்கார நீர், கிருமிநாசினி, பூச்சிநாசினி என்பன தொட்டியிற் சேர்ந்தால் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மடியும். மலைநாட்டின் குளிர்ந்த நாட்களில் வாயு குறைதல் இயல்பே. புதிய தொட்டியில் முதலில் வரும் வாயு எரியாது. அதனைத் திறந்தவெளியில், தீயில்லாத இடத்தில் வெளியேற்றிவிடுக.

தொட்டியிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல் நெல்லுக்கும் மரக்கறிக்கும் சிறந்த பசளையாகும். தொட்டியை நன்கு பேணும் கமக்காரர் அடுப்புக்கு எரிபொருளும் நிலத்துக்கு வளமும் ஒருங்கே பெறுவர்.