பச்சை முத்திரையை நம்பிப் பழைய நாற்காலியை எறியாதீர்கள்

அலுவலகத்தைப் புதுப்பிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஊழியர்கள் கிளம்பியதும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருகிறார்கள். திங்கட்கிழமைக்குள் மேசை, நாற்காலி, தடுப்புப் பலகை எல்லாம் காயலான் கடை லாரியில் ஏறிவிடுகின்றன. சில மாதம் கழித்து நிர்வாகத்துக்குப் பசுமைச் சான்றிதழ் ஆசை வருகிறது. ஆலோசகர் வந்து, "பழைய பர்னிச்சர் பட்டியல் எங்கே?" என்கிறார். யாரிடமும் பதில் இல்லை. சென்னையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "லீட் சான்று பெற்ற நாற்காலி" என்று ஒன்று கிடையாது. லீட், ஐஜிபிசி கிரீன் இன்டீரியர்ஸ் ஆகிய தரச்சான்றுகள் இடத்துக்குத் தரப்படுபவை, பொருளுக்கு அல்ல. சிலர் ஐஎஸ்ஓ 14001 சான்றை நீட்டுவார்கள். அது நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்கானது. அந்த மேசையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பொருளுக்கென்று இருப்பவை வேறு: இந்தியத் தொழில் கூட்டமைப்பு (சிஐஐ) வழங்கும் கிரீன்புரோ, மரத்துக்கு எஃப்எஸ்சி போன்றவை.

அவற்றையும் காகிதத்தைப் பார்த்து நம்பக் கூடாது. சான்றில் உள்ள மாடலும் நீங்கள் வாங்கும் மாடலும் ஒன்றா? காலாவதித் தேதி தாண்டவில்லையே? எஃப்எஸ்சி என்றால் விற்பவரின் சான்று எண்ணை அந்த அமைப்பின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள். பில்லிலும் அந்த எண்ணும் எஃப்எஸ்சி வகையும் அச்சாகியிருக்க வேண்டும். பில்லில் இல்லையென்றால் அந்தச் சரக்கை எஃப்எஸ்சி என்று ஏற்காதீர்கள்.

இனி மறுபயன்பாடு. லீட் நான்காம் பதிப்பில், வணிக உள்ளரங்குகளுக்கு, மொத்த பர்னிச்சர் மதிப்பில் குறைந்தது 30 சதவீதம் பழையதாகவோ புதுப்பித்ததாகவோ இருந்தால் அதற்கென்றே மதிப்பெண் உண்டு. பட்டியல் இல்லாமல் அதை நிரூபிக்க முடியாது. ஆகவே இடிக்கும் முன்பே எழுதுங்கள்: பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, மதிப்பு, புகைப்படம், வைத்துக்கொள்வதா, பழுதுபார்ப்பதா, கொடுப்பதா. பள்ளிக்குக் கொடுத்தால் ரசீது, காயலான் கடைக்குப் போனால் எடைச்சீட்டு. மறுபடியும் சொல்கிறேன்: இடிக்கும் முன்பே.

உட்கார்ந்ததும் கீழே இறங்கிவிடும் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுத்தண்டில் உள்ள கேஸ் சிலிண்டர் மட்டும் பழுதாகியிருக்கும். அதை மாற்றினால் நாற்காலி இன்னும் பல வருடம் உழைக்கும். பலகை மேசையையும் அவசரப்பட்டு எறியாதீர்கள்: புதிய பார்ட்டிகிள் போர்டின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. பழைய பலகையில் இந்தக் கசிவு பெருமளவு குறைந்திருக்கும். ஊறி உப்பிய பலகையைக் கழியுங்கள், ஆனால் எரிக்காதீர்கள்.

அரசு அலுவலகங்களையும் சொல்லியாக வேண்டும். அதிகாரி மாறினால் அறைக்குப் புது சோபா வருகிறது. பழைய நாற்காலிகளோ கழிவு செய்யும் உத்தரவுக்காக வராந்தாவில் ஆண்டுக்கணக்கில் துருப்பிடிக்கின்றன. ஒரு கையெழுத்துக்கு ஏன் இத்தனை தாமதம்?

பொய்ச் சான்றை நம்பி வாங்கி ஏமாந்தால் என்ன வழி? வணிகத்துக்காக வாங்கியவர், சுயதொழிலில் பிழைப்பவர் தவிர, நுகர்வோர் என்ற கணக்கில் வரமாட்டார். நுகர்வோர் ஆணையத்தை நம்பி இருக்காதீர்கள். கொள்முதல் ஆணையிலேயே சான்று எண்ணையும், "பொய்யென்று தெரிந்தால் சொந்தச் செலவில் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும்" என்ற வரியையும் எழுதுங்கள். விளம்பரமே பொய்யென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்தில் புகார் தரலாம். ஆதாரமின்றிப் பசுமை என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 2024 அக்டோபரில் தனி வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. விளம்பரத்தின் நகல், பில், சான்றின் நகல் மூன்றையும் இணையுங்கள்.

வெள்ளிக்கிழமை லாரி வருவதற்குள், வியாழக்கிழமையே ஒருவரை நோட்டும் கேமராவுமாக அனுப்புங்கள். ஒரு நாள் வேலைதான். அதைத் தவறவிட்டால் பிறகு எந்த ஆலோசகராலும் ஈடுகட்ட முடியாது.