உறக்கம் தேடும் வயது – 8: கால் மாத்திரையின் கணக்கு

மனச்சோர்வு, மூட்டுவலி, இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது, துணையை இழந்த தனிமை என்று முதியவர்களைத் தூக்க மாத்திரையின் பக்கம் கொண்டுபோகும் காரணிகளைப் போன வாரம் அலசினோம். இந்த வாரம் பெண்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று நிற்கிறது. ஒருவருக்கு மாத்திரை எழுதப்பட்ட காரணமும், பத்து ஆண்டு கழித்தும் அவர் அதை விடாமல் இருப்பதற்கான காரணமும் ஒன்றுதானா? இரண்டும் வேறு வேறு என்பதே என் வாதம்.

அமெரிக்க மருந்துக்கடைகளின் 2008-ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்து மார்க் ஆல்ஃப்சனும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அல்பிரசோலம், லோரசிபம், டயசிபம் போன்ற பென்சோடயசெபைன் மருந்துகள் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதப்படுபவை. அவற்றை வாங்கியவர்கள் 18 முதல் 35 வயதுக்குள் 2.6 சதவீதம், 65 முதல் 80 வயதுக்குள் 8.7 சதவீதம். வயது ஏற ஏறப் பயன்பாடு கூடுகிறது என்பதற்கு எல்லோரும் காட்டும் எண் இது. அதே ஆய்வில் உள்ள இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வாங்கியவர்களுக்குள் ஓராண்டில் 120 நாளுக்கோ அதற்கு மேலோ மருந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? இளையவர்களில் 14.7 சதவீதம், முதியவர்களில் 31.4 சதவீதம். முதுமையில் மாத்திரை வாங்குபவர்கள் அதிகம் என்பதோடு, அதிலேயே தங்கிவிடுபவர்களும் அதிகம். தங்கவைப்பதில் மருந்துக்கே பங்குண்டு. பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பு இருந்ததைவிட மோசமாகக் கெடலாம். மருந்துக்குப் பழகிய மூளையின் எதிர்வினை அது, போகப்போகத் தணியக்கூடியது. ஆனால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்குப் பழைய நோயே திரும்பிவிட்டதாகத்தான் தோன்றும். மறுநாள் இரவு மாத்திரை மறுபடி உள்ளே போகும். சீட்டைப் புதுப்பித்துத் தரும் மருத்துவருக்கும் பத்து நிமிடச் சந்திப்பில் அதைக் கிளற நேரம் இருக்காது.

இங்கேதான் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு வருகிறது. முதியோர் மருத்துவ நிபுணர் காரா டானன்பாம் தலைமையிலான குழு 2014-ல் வெளியிட்டது. 30 மருந்துக்கடைகளின் வாடிக்கையாளர்களில் 65 முதல் 95 வயதுவரை உள்ள 303 பேரைச் சேர்த்தார்கள். சராசரியாகப் பத்து ஆண்டுகள் பென்சோடயசெபைன் சாப்பிட்டவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அனுப்பியது ஒரே ஒரு சிறு கையேடு. முதலில் சரியா தவறா என்று கேட்கும் சில கேள்விகள். பிறகு, விழுதல், நினைவுத் தடுமாற்றம் பற்றிய விளக்கம். மாத்திரையை விட்டு மீண்ட ஒருவரின் கதை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது கடைசியில் இருந்த அட்டவணை. 21 வாரங்கள், வாரத்துக்கு ஏழு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு படம்: முழு மாத்திரை, அரை, கால், கடைசியில் ஒன்றுமில்லை. படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துப் பின்பற்றலாம். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. அது வெறும் சம்பிரதாயம் ஆகாது. திடீர் நிறுத்தம் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மருந்தை முழுவதுமாக விட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 5 சதவீதம். இன்னொரு 11 சதவீதம் பேர் அளவைக் குறைத்திருந்தார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன். எண்பது தாண்டிய வயது, பால், எத்தனை ஆண்டாகச் சாப்பிடுகிறார், என்ன அளவு, எதற்காக, நாளுக்குப் பத்தோ அதற்கு மேலோ மருந்தா, முன்பு விட முயன்று தோற்றவரா என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். கையேட்டின் பலனை இவற்றில் எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. ஒருவரை மாத்திரைக்குள் தள்ளும் காரணிகள் அவரை அதிலேயே கட்டிப்போடவில்லை. ‘இந்த வயதில், இத்தனை வருடம் கழித்து, இனி எங்கே விடுவது’ என்று வீட்டாரும் மருத்துவரும் சேர்ந்து சொல்லும் வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை.

நூற்றுக்கு 73 பேர் விடவில்லையே என்று ஒருவர் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அவர்களுக்குத் தூக்கப் பழக்கத்தைச் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சை தரப்படவில்லை. கைக்கு வந்தது ஒரு கையேடு மட்டும். இன்னும் கனமான ஆட்சேபம், எண்பது வயதில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதை ஏன் பறிக்க வேண்டும் என்பது. அந்த நிம்மதியின் அளவு கணக்கிடப்பட்டிருக்கிறது. அறுபது தாண்டியவர்களிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரையின்படி, தூக்க மருந்து கூட்டித் தருவது இரவுக்குச் சராசரியாக 25 நிமிடம். பதின்மூன்று பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தூக்கம் மேம்படுகிறது. ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தீங்கு. ஒரு சிலருக்கு அந்த 25 நிமிடம் பெரிதாக இருக்கலாம், அவர்களிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை அறிந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும்.

தீங்கு ஏன் முதியவர்களுக்கு அதிகம் என்பதற்கு டயசிபம் நல்ல சாட்சி. உடலில் ஏறிய மருந்து பாதியாகக் குறைய இருபது வயதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது என்றும், எண்பதில் அது 90 மணி நேரத்தை நெருங்குகிறது என்றும் 1975-லேயே உல்ரிக் க்ளாட்ஸ் குழு காட்டிவிட்டது. திங்கள் இரவு போட்ட மாத்திரையில் பாதி வெள்ளிக்கிழமையும் உடலில் இருக்கும். அதன்மேல் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகள் குவிந்திருக்கும். அந்த நிலையில்தான் அவர் இருட்டில் கழிவறைக்கு எழுந்து நடக்கிறார்.

உடலில் தங்கும் நேரம் பெண்களுக்கு ஆண்களைப் போல் இல்லாத இன்னொரு மருந்து சோல்பிடெம். அதன் அளவைப் பெண்களுக்கு மட்டும் பாதியாக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் சொன்னது. பெண்களுக்கு ஆண்களைப்போல் இருமடங்கு இந்த மாத்திரைகள் ஏன் எழுதப்படுகின்றன என்ற கேள்வியை அங்கிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.