தலைக்குள் ஒரு சரிவு

தொப்பூர் கணவாயை அறியாத லாரி ஓட்டுநர் நம் பக்கத்தில் இருக்கமாட்டார். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் சாலை அங்கே வளைந்து வளைந்து இறங்குகிறது. அவ்வூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படித்த மாணவன் ஒருவன், ஒளியியல் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"சார், அப்பாவுக்குக் கணவாயில் இறங்கும்போது முன்னே போகும் லாரி இரண்டாகத் தெரிகிறதாம். பக்கத்தில் உள்ள மீட்டர் முள் மட்டும் ஒன்றாகவே தெரிகிறதாம். இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை. லென்சில் குறையா?"

"ஒரு கண்ணை மூடினால்?"

"எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றுதான் தெரிகிறது சார்."

இந்த விடையில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணின் லென்சில் குறை இருந்தால், அந்த ஒரு கண்ணால் பார்க்கும்போதும் பிம்பம் இரட்டிக்கும். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைகிறது என்றால், இரு கண்களும் ஒரே திசையை நோக்கவில்லை என்று பொருள். அருகிலுள்ள பொருளைப் பார்க்கக் கண்கள் மூக்கை நோக்கி உள்ளே திரும்புகின்றன. தொலைவில் பார்க்க இரண்டும் இணையாக நிற்கவேண்டும். தொலைவில் மட்டும் பிம்பம் பக்கவாட்டில் பிரிந்தால், கண்ணை வெளிப்புறம் இழுக்கும் தசை தளர்ந்துவிட்டது என ஊகிக்கலாம். அத்தசையை இயக்குவது ஆறாவது கபால நரம்பு. பெரும்பாலும் நீரிழிவும் இரத்தக் கொதிப்புமே இந்நரம்பைத் தாக்குகின்றன. ஆனால் எப்போதும் அல்ல. "இனிக் கண்ணாடிக் கடைக்குப் போகாதே, நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போ, அதுவரை அப்பா லாரியைத் தொடவேண்டாம்" என்றேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு கட்டி.

நம் மூளை ஒரு தட்டையான தரையில் அமர்ந்திருக்கவில்லை. மூக்கின் பின்னே, தலையின் நடுவில், ஓர் எலும்புச் சரிவு உண்டு. அதற்குக் 'கிளைவஸ்' என்று பெயர். இந்த இலத்தீன் சொல்லுக்குச் சரிவு என்றே பொருள்! சரிவின் பின்புறம் மூளைத்தண்டும் அதற்கு இரத்தம் தரும் தமனியும், இருபக்கமும் கழுத்திலிருந்து ஏறும் பெருந்தமனிகளும் உள்ளன. ஆறாவது நரம்பு இந்தச் சரிவை ஒட்டியே ஏறிச் செல்கிறது. ஆகவே இங்கு வளரும் கட்டி முதலில் அதைத்தான் நெருக்கும்.

அந்தக் கட்டியின் பெயர் கார்டோமா. கருவில் முதுகெலும்பு தோன்றுமுன் 'முதுகுநாண்' என்ற மெல்லிய தண்டு தோன்றுகிறது. பின்னர் அது மறைந்துவிடும். ஆயினும் அதன் எச்சங்கள் சில சமயம் இரு முனைகளில், அதாவது கபாலச் சரிவிலும் முதுகின் அடியிலும், தங்கிவிடுகின்றன. அந்த எச்சமே பல ஆண்டுகளுக்குப் பின் கட்டியாகிறது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே இது வருகிறது.

வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் பி. இராமமூர்த்தியும் நரம்பறுவைப் பிரிவுகளைத் தொடங்கிய நாளில், இத்தகைய கட்டியைக் காண்பதே அரிது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் வெறும் நிழல். அடித்தள எலும்புகளோ ஒன்றன்மேல் ஒன்றாக நிழல் வீழ்த்தும். 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி ஒரு நோயாளியின் தலையை அடுக்கடுக்காகப் படம் பிடித்த பிறகே நிலைமை மாறியது. இன்று சி.டி. படம் அரிக்கப்பட்ட எலும்பைக் காட்டுகிறது, எம்.ஆர்.ஐ. படத்தில், நீர்ச்சத்து மிகுந்த இக்கட்டி வெண்மையாக ஒளிர்கிறது. இருப்பினும் குருத்தெலும்புப் புற்றும் அப்படியே ஒளிரும். திசுவை எடுத்துச் சோதித்தே முடிவு கூறவேண்டும்.

அறுவைக்கு மண்டையைத் திறக்கவில்லை என்று மாணவன் சொன்னபோது அவன் அத்தை நம்பவில்லையாம். மூக்கின் வழியே உள்நோக்கியைச் செலுத்தி, எலும்பினுள் உள்ள காற்றறையைக் கடந்தால் நேரே சரிவுதான். கட்டியை எடுத்தபின் மூளைநீர் மூக்கில் கசியாதிருக்க, மூக்கின் உட்சவ்வையே இரத்தக் குழாயுடன் திருப்பி அந்தத் துளையை மூடுகிறார்கள். ஆனால் தமனியில் ஒட்டியுள்ள துணுக்குகளைச் சுரண்ட முடியாது. விட்டால் மீண்டும் வளரும்.

இங்கேதான் என் பாடம் வருகிறது. இக்கட்டியை அடக்க 70 கிரேக்கு மேல் கதிர்வீச்சு வேண்டும். சில மில்லிமீட்டர் பின்னே இருக்கும் மூளைத்தண்டுக்கோ 60 கிரேயைத் தாண்டினால் ஆபத்து. எக்ஸ் கதிர் தலையில் நுழைந்து மறுபுறம் வெளியேறும். புரோட்டான் அப்படியல்ல. வேகமாக ஓடும் பேருந்திலிருந்து துண்டறிக்கை கொடுப்பவன் சிலருக்கே கொடுக்க முடியும். வண்டி ஊர்ந்தால் கட்டுக்கட்டாகக் கொடுப்பான். புரோட்டானும் வேகம் குறையக் குறைய எலெக்ட்ரான்களுக்கு அருகில் அதிக நேரம் இருந்து, அதிக ஆற்றலைக் கொட்டி, சட்டென நின்றுவிடுகிறது. ஆல்ஃபா துகள்களில் இந்த உச்சத்தை பிராக் 1904 வாக்கில் ஆஸ்திரேலியாவில் கண்டார். மருத்துவத்துக்குப் புரோட்டானைப் பயன்படுத்தலாம் என 1946இல் எழுதியவர் இராபர்ட் வில்சன். சென்னையில் 2019இல் அப்பல்லோ புரோட்டான் மையம் தொடங்கியது. அங்கு புரோட்டான்கள் 23 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் பெறுகின்றன. அது ஒளியின் வேகத்தில் சுமார் 60 விழுக்காடு. ஆற்றலைக் கூட்டிக் குறைத்து, எந்த ஆழத்தில் நிற்கவேண்டுமோ அங்கே நிறுத்தலாம். செலவோ மிக அதிகம். மாணவனின் குடும்பம் நிலத்தின் ஒரு பகுதியை விற்றது.

ஆறு மாதத்தில் அவன் தந்தையின் கண் நேரானது. கார்டோமா பல ஆண்டு கழித்தும் திரும்பக்கூடும் என்பதால் படம் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டாம் ஆண்டுப் படத்தை மாணவன் என்னிடம் கொண்டுவந்தான். இருவரும் அதைச் சன்னலில் பிடித்துப் பார்த்தோம். சரிவில் புதிதாக வெண்மை எதுவும் இல்லை.