அந்த ஏழு நிமிடங்கள்

2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டு நகரின் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 87 வயது மூதாட்டி உணவுக்கூடத்தில் மயங்கிச் சாய்ந்தார். பணியாளர் ஒருவர் 911 என்னும் அவசர எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்த பெண்மணி, மார்பை அழுத்தும் சி.பி.ஆர். என்னும் உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்குமாறு வேண்டினார். இல்லத்தின் விதி இடந்தராது என்று பதில் வந்தது. அருகில் நிற்கும் வேறு எவரேனும் உதவக்கூடாதா என்றும் கெஞ்சிப் பார்த்தார். ஏழு நிமிடங்களுக்கு மேல் இவ்வாறே கழிந்தன. மருத்துவமனை கொண்டுசெல்லப்பட்ட மூதாட்டி இறந்தார்.

இதயம் நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சேதமுறத் தொடங்கும். மார்பின் நடுவே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தினால் மூளைக்கு ஓரளவேனும் இரத்தம் செல்லும். பயிற்சியற்றவரும் தொலைபேசியில் சொல்லக் கேட்டு இதனைச் செய்யலாம்.

அவ்வாறெனில் பணியாளரின் கடமை யாது? அந்நாட்டில் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில், நோயாளி மறுத்து எழுதி வைத்திருந்தாலன்றி, மீட்புக் குழு வரும்வரை பணியாளர் இவ்வுதவியை அளித்தே ஆகவேண்டும். மூதாட்டி வாழ்ந்ததோ உறைவிடமும் உணவும் மட்டும் தரும் குடியிருப்பு. பணியாளர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நிர்வாகம் பின்னர்க் கூறியது. அவ்வாண்டிலேயே, தாமாக முன்வந்து அவசர உதவி செய்யும் ஊழியரை முதலாளி தடுக்கும் விதி கூடாதெனக் கலிபோர்னியா சட்டம் இயற்றியது.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சையின் தலையீடின்றி இயற்கையாக இறக்கவே அன்னை விரும்பினார் என்றனர் குடும்பத்தார். அவ்விருப்பம் தவறன்று. மயக்க மருத்துவர்களிடையே 1957 நவம்பர் 24 அன்று பேசிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், வழக்கமான வழிகளைக் கையாளவே நாம் பொதுவாகக் கடமைப்பட்டவர்கள் என்று தெளிவுபடுத்தினார். ஆயினும், தொலைபேசியில் மன்றாடியவர்க்கு அம்மூதாட்டியின் உள்ளம் எவ்வாறு தெரியும்?

ஆகவே, பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் அன்பர்களே, அறையின் வசதியை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். இரவில் பயிற்சி பெற்றவர் இருப்பாரா, மயங்கி விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பெற்றோரின் விருப்பத்தை அவர்களிடமே கேட்டறிந்து, எழுதி, பணியாளர் கையில் கொடுங்கள். அமைதியான ஒரு மாலையில் பேசவேண்டியதை அந்த ஏழு நிமிடங்களுக்கு விட்டுவைத்தல் ஆகாது.